சுரங்கத்து வயரும் வீட்டு வயரும்

குழந்தைகளே, நெய்வேலியில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் வயர்களிலேயே பெரியது எங்கே கிடக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

கல்யாண மண்டபத்திலா? லிக்னைட் ஹால் மைதானத்தில் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது போடுவார்களே, அதுவா? இல்லை. அது சுரங்கத்துக்குள் கிடக்கிறது. பழுப்பு நிலக்கரியை மூடியிருக்கும் மண்ணை வெட்டி எடுக்க அங்கே ராட்சத இயந்திரங்கள் உண்டு. பெரிய சக்கரம், அதன் விளிம்பைச் சுற்றி வாளிகள். பெரிய இயந்திரத்தின் வாளி ஒன்றில் 1,400 லிட்டர் கொள்ளும். உங்கள் வீட்டு மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியைவிடப் பெரிய வாளி! அந்த இயந்திரம் டீசலில் ஓடுவதில்லை, மின்சாரத்தில் ஓடுகிறது. மண்ணை வெட்ட வெட்ட அது மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். நகரும் பொருளுக்குச் சுவரில் வயரிங் செய்ய முடியுமா? அதனால் தடித்த கேபிள் ஒன்று தரையில் கிடந்து அதன் பின்னாலேயே போகிறது.

சின்ன வயதில் சுரங்கத்தின் மேல் விளிம்பில் நின்று அதை முதல்முறை பார்த்தபோது, சுரங்கத்தில் வேலை பார்த்த என் பெரியப்பாவிடம் கேட்டேன்.

"அது என்ன பெரியப்பா, கறுப்பா, அவ்ளோ தடியா?"

"ட்ரெய்லிங் கேபிள்டா. மெஷினுக்கு கரன்ட் அது வழியாத்தான் போவுது."

"நம்ம வீட்டு எக்ஸ்டென்ஷன் மாதிரியா?"

"அதேதான். ஆனா ஒண்ணு. இதை ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் வந்து பாக்கும். நம்ம வீட்டு வயரை கடைசியா யாரு பாத்தா, சொல்லு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து எங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தேடிப் பார்த்தேன். பீரோவின் கால் ஒன்று அதன் வயரை மிதித்துக்கொண்டிருந்தது. இரண்டு இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. மீதி வயர் சுருட்டி முடிச்சுப் போட்டபடி துணிமூட்டைக்குக் கீழே கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. பெரியப்பா கேட்ட கேள்வி அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சுரங்கங்களுக்கான மின்பாதுகாப்பு விதிகள் இந்த விஷயத்தில் கறாரானவை. நகரும் இயந்திரத்தோடு போகும் கேபிளை ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருமுறையாவது அதற்கென்று பொறுப்பான ஆள் பார்த்தாக வேண்டும். பழுது தெரிந்தால் உடனே மாற்றியாக வேண்டும். அத்தனை தடித்த, அத்தனை உறுதியான ரப்பர் உறை போட்ட கேபிளுக்கே இந்தக் கவனிப்பு என்றால், விரலைவிட மெல்லிய நம் வீட்டு வயருக்கு எவ்வளவு கவனிப்பு வேண்டும்?

வயர் ஏன் சூடாகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ மேலே வந்தது என்ற கதையை நெய்வேலிப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். 1956-ல் அந்தப் பழுப்பு நிலக்கரியைத் தோண்டும் நிறுவனம் தொடங்கியது. 1962-ல் முதல் அனல்மின் நிலையத்தில் மின்சாரம் வந்தது. தோண்டிய நிலக்கரியை எரித்து நீரை ஆவியாக்குகிறார்கள், அந்த ஆவி டர்பைனைச் சுழற்றுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று. அதாவது நொடிக்கு 50. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை ஆடி அசைவது அந்தச் சுழற்சியால்தான்.

அங்கிருந்து வெளியே போகும் கோபுரக் கம்பிகளை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். சிலவற்றில் போகும் மின்னழுத்தம் 230 கிலோவோல்ட், அதாவது 2,30,000 வோல்ட். உங்கள் வீட்டு பிளக் பாயின்ட்டில் வருவது 230 வோல்ட். சரியாக ஆயிரத்தில் ஒரு பங்கு! ஏன் இத்தனை உயர்ந்த அழுத்தத்தில் அனுப்புகிறார்கள்? கணக்குப் போட்டால் தெரியும். பத்து லட்சம் வாட் மின்சாரத்தை 230 வோல்ட்டில் அனுப்பினால் கம்பியில் ஓடும் மின்னோட்டம் ஏறக்குறைய 4,350 ஆம்பியர். அதையே 2,30,000 வோல்ட்டில் அனுப்பினால் நாலரை ஆம்பியர்கூட வராது. மின்னோட்டம் குறைந்தால் கம்பியில் வீணாகும் வெப்பமும் குறையும். குறைவதென்றால் சாதாரணமாக அல்ல, அதே கம்பியில் வெப்பம் பத்து லட்சத்தில் ஒரு பங்காகிவிடும்.

ஆயிரத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்துக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வெப்பம் எப்படி? இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல் என்ற இளைஞர் 1841-ல் எழுதிய விதி அது. கம்பியில் பிறக்கும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்றார். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. கோபுரக் கம்பிக்கும் இதே விதிதான், பீரோவுக்கு அடியில் கிடக்கும் வயருக்கும் இதே விதிதான்.

இப்போது வீட்டுக்கு வருவோம். ஐந்து மீட்டர் நீளமுள்ள சாதாரண எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு 0.75 சதுர மில்லிமீட்டர். மின்சாரம் போக ஐந்து மீட்டர், திரும்பி வர ஐந்து மீட்டர். மொத்தம் பத்து மீட்டர் செம்பின் மின்தடை சுமார் 0.23 ஓம். அதில் 4 ஆம்பியர் ஓடினால் வயர் முழுவதிலும் சேர்ந்து உண்டாகும் வெப்பம் 4 வாட்டுக்கும் கீழே. ஒன்றும் தெரியாது. 8 ஆம்பியர் ஓடினால் 15 வாட் ஆகிறது, வயர் வெதுவெதுக்கும். 16 ஆம்பியர் ஓடினால் 59 வாட்! இந்த அளவு வயர் தாங்குவது சுமார் 7 ஆம்பியர்தான். அதற்கு மேல் போனால் உள்ளே செம்பு சூடேறி, வெளியே இருக்கும் பி.வி.சி. உறை இளகத் தொடங்கும்.

நேராகக் கிடக்கும் வயர் தன் வெப்பத்தைச் சுற்றியிருக்கும் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. சுருட்டி முடிச்சுப் போட்டு வைத்தால்? நடுவில் இருக்கும் சுற்றுக்குக் காற்றே படாது. அதைச் சுற்றி இருப்பதும் சூடான வயர்தான். போர்வைக்குள் போர்வையாகச் சூடு சேர்ந்துகொண்டே போகும். உருளையில் சுற்றி விற்கும் எக்ஸ்டென்ஷன் வயர்களில், முழுவதும் பிரித்தால் இத்தனை வாட், சுற்றியபடியே வைத்தால் இத்தனை வாட் என்று இரண்டு எண்கள் அச்சிட்டிருப்பார்கள். சுற்றிய நிலைக்கான எண், பிரித்த நிலைக்கான எண்ணில் பாதிகூட இருக்காது. பந்தல் போடுகிறவர்களும் ஒலிபெருக்கி கட்டுகிறவர்களும் இந்த எண்ணைத் தவறாமல் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுத் துணிமூட்டைக்குக் கீழே கிடந்த வயர் ஏன் வெதுவெதுத்தது என்று இப்போது உங்களுக்கும் புரிந்திருக்கும்.

ஒரு பொருள் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். அதன் அடியிலோ முதுகிலோ ஒட்டியிருக்கும் லேபிளில் வாட் எண் இருக்கும். அதை 230-ஆல் வகுங்கள். அவ்வளவுதான். போன் சார்ஜர் 20 வாட் என்றால் ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மின்விசிறி 75 வாட், ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு. 750 வாட் மிக்ஸி மூன்றேகால் ஆம்பியர். 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3. தண்ணீர் காய்ச்சும் 1,500 வாட் கெட்டில் 6.5. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 8.7.

உங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு அளவில் பிளக் பாயின்ட் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? துளைகள் சிறியதாக இருப்பது 6 ஆம்பியர். பெரியதாக இருப்பது 16 ஆம்பியர். இதைத்தான் வீடுகளில் 'பவர் பாயின்ட்' என்பார்கள். பழைய வீடுகளில் 5, 15 என்று எழுதியிருக்கும். உருண்டைப் பின் வைத்த இந்த ஏற்பாடு பிரிட்டிஷ் காலத்திலிருந்து வந்தது. பெரிய பின் சிறிய துளைக்குள் போகாது. அது தவறிப்போய் அமைந்தது இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். 'இந்தப் பொருளுக்கு இந்தப் பாயின்ட் போதாது' என்று பிளக் தன் பருமனாலேயே சொல்கிறது.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? கடையில் ஐம்பதோ நூறோ கொடுத்து 'கன்வர்ஷன் பிளக்' வாங்கி வருகிறோம். ஒரு பக்கம் பெரிய துளை, மறு பக்கம் சின்னப் பின். இண்டக்‌ஷன் அடுப்பின் பெரிய பிளக்கை அதில் சொருகி, அதை 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி, 8.7 ஆம்பியரை இழுக்கிறோம். அடுப்பு எரிகிறது, சாதம் வேகிறது, ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கிறோம். உள்ளே பித்தளை நாக்குகள் நாளுக்கு நாள் சூட்டில் தளர்ந்துகொண்டிருக்கும். இந்தக் கன்வர்ஷன் பிளக் வீட்டில் இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அயர்ன் பாக்ஸ், கெட்டில், ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, ஏசி போன்ற சூடாக்கும், குளிரூட்டும் பொருள்கள் எல்லாம் சுவரில் இருக்கும், தங்கள் பிளக்குக்குப் பொருந்தும் பாயின்ட்டில் நேராகச் சொருக வேண்டியவை. பாயின்ட் இல்லாத இடத்தில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புதிதாக ஒன்று போட்டுக்கொள்வதுதான் வழி.

தளர்ந்த நாக்கைப் பற்றிச் சொன்னேனே, அதை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். பிளக்கைச் சொருகினால் 'சர்ர்ர்' என்று சத்தம், சின்னப் பொறி, கருகிய வாடை. பெரியவர்கள் 'லூஸ் கான்டாக்ட்' என்று சொல்லி, பிளக்கை ஒரு பக்கமாக அழுத்தி வைப்பார்கள். பின்னும் நாக்கும் நன்றாகக் கவ்விக்கொள்ளாமல் ஒரு ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். அந்தச் சின்ன இடத்தில் அரை ஓம் மின்தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். போன் சார்ஜருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, ஒரு வாட்டில் நூற்றில் ஒரு பங்குகூடச் சூடு வராது. இண்டக்‌ஷன் அடுப்பின் 8.7 ஆம்பியர் ஓடினால் அதே இடத்தில் 38 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குவார்களே, சால்டரிங் அயர்ன், அது 25 வாட்தான்! அதைவிடச் சூடான ஒன்றைச் சுவருக்குள், பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் வைத்துவிட்டு நாம் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறோம். பிளக் பாயின்ட்டைச் சுற்றிப் பழுப்புக் கறை தெரிந்தால் அந்தப் பாயின்ட்டை அன்றே மாற்றிவிட வேண்டும்.

பிளக்கே இல்லாமல் இரண்டு வயர் நுனிகளைத் துளைக்குள் விட்டுத் தீக்குச்சி சொருகி நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். மார்கழியில் வாசலில் சீரியல் செட் போடும்போதும், கோயில் விழாவில் மைக் செட் கட்டும்போதும் நடப்பது. வயரை யாராவது கால் தடுக்கி இழுத்தால் வெறும் செம்பு வெளியே வந்து விழும். தீக்குச்சியோ தீப்பிடிப்பதற்கென்றே செய்த பொருள். யார் செய்தாலும் தயங்காமல், "அண்ணே, பிளக் போட்டுடலாம்ணே" என்று சொல்லுங்கள்.

அடுத்து, மூன்றாவது பின். சின்னதாக இரண்டு, மேலே தடிமனாக ஒன்று. மேலே இருக்கும் பின் மட்டும் ஏன் நீளம் அதிகம்? சொருகும்போது அது முதலில் உள்ளே போய்த் தொட வேண்டும், கழற்றும்போது கடைசியில் வெளியே வர வேண்டும். அதுதான் எர்த். தடிமனாக இருப்பதால் தவறிப்போய்க்கூட மற்ற துளைகளுக்குள் அது போகாது. வாஷிங் மெஷினுக்குள் ஒரு வயரின் உறை தேய்ந்து அதன் இரும்பு உடம்பைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். எர்த் இருந்தால் மின்சாரம் அந்த வழியே தரைக்குள் பாய்ந்துவிடும், ஃப்யூஸ் போய்விடும். எர்த் இல்லையென்றால் மெஷின் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். ஈரக் கையோடு அடுத்து அதைத் தொடும் ஆள்தான் தரைக்குப் போகும் வழி ஆகிவிடுவார். பழைய டூ பின் பாயின்ட்டில் சொருக வேண்டும் என்பதற்காக மூன்றாவது பின்னை ஒடித்துவிடுகிறார்களே, அவர்கள் ஒடிப்பது இந்தக் காவலைத்தான்.

"அப்படியானால் போன் சார்ஜருக்கு ஏன் இரண்டே பின்?" என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். நல்ல கேள்வி. சார்ஜரை பிளக் பாயின்ட்டிலிருந்து கழற்றி எடுத்து, அதன்மேல் பொடியாக அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் இருக்கும். உள்ளே இரட்டைக் காப்பு இருக்கிறது, எர்த் தேவையில்லை என்பதற்கு அது அடையாளம். அயர்ன் பாக்ஸில் இந்தச் சதுரத்தைத் தேடுங்கள், பெரும்பாலும் இருக்காது. அதற்கு மூன்று பின் இருக்கும்.

மனித உடம்புக்கு எவ்வளவு மின்சாரம் ஆபத்து? ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு எரிய சுமார் 39 மில்லி ஆம்பியர் போதும். ஓர் ஆம்பியரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 39 பங்கு. ஒரு மில்லி ஆம்பியர் ஓடினாலே சுருக்கென்று தெரியும். பத்து, பதினைந்தைத் தாண்டினால் கைத்தசைகள் இறுகி, பிடித்த வயரை விட முடியாமல் போகும். அதற்கும் மேலே போய், மார்பு வழியாகப் பாய்ந்தால் இதயத்தின் துடிப்பே குலைந்துவிடும். அந்தச் சின்னப் பல்புக்கு வேண்டிய மின்சாரம் ஓர் உயிரை எடுக்கப் போதும் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும்.

இதில் பலர் தவறாகப் புரிந்துகொண்ட ஒரு விஷயம் இருக்கிறது. "ஃப்யூஸ் இருக்கே, எம்.சி.பி. இருக்கே, ஷாக் அடிச்சா ட்ரிப் ஆயிடும்" என்பார்கள். ஆகாது! ஈரமான உடம்பின் மின்தடை ஆயிரம் ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் அதன் வழியே போவது கால் ஆம்பியருக்கும் குறைவு. ஆறு ஆம்பியரையோ பதினாறு ஆம்பியரையோ தாண்டினால்தான் விழும் எம்.சி.பி. இதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. அது வயரைக் காப்பாற்ற வைத்தது, மனிதரைக் காப்பாற்ற வைத்தது ஆர்.சி.சி.பி. என்ற இன்னொரு ஸ்விட்ச். அதன் வேலை கூட்டுறவுக் கடைக் கணக்குப்பிள்ளை வேலை மாதிரி. ஒரு வயரில் போன மின்சாரம் அவ்வளவும் இன்னொரு வயரில் திரும்பி வருகிறதா என்று ஓயாமல் சரிபார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், எங்கோ கசிகிறது, ஒருவேளை யார் உடம்பு வழியாகவோ தரைக்குப் போகிறது என்று பொருள். கண் இமைப்பதற்குள் மெயினைத் துண்டித்துவிடும். அதில் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை பெரியவர்கள் அதை அழுத்திப் பார்த்தால் அது உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். உங்கள் வீட்டில் அது இல்லையென்றால், அடுத்த முறை எலெக்ட்ரீஷியன் வரும்போது போடச் சொல்லி அப்பா அம்மாவை நச்சரியுங்கள். இந்த நச்சரிப்புக்கு மட்டும் என் முழு ஆதரவு உண்டு.

வேலை செய்யும் இடத்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அனல்மின் நிலையத்தில் பழுது பார்க்கத் தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ ஆள் இறங்க வேண்டி வரும். உள்ளே கும்மிருட்டு, சுற்றிலும் இரும்பு, உடம்பெல்லாம் வியர்வை. அங்கே வெளிச்சத்துக்குக் கொண்டுபோகும் கைவிளக்கு, தக்க பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல், 24 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். அதே ஆயிரம் ஓம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 24 வோல்ட்டில் உடம்பில் போவது 24 மில்லி ஆம்பியர். 230 வோல்ட்டில் 230. சட்டத்தில் ஏன் அந்த எண் வந்தது என்று விளங்கும்.

அப்படியே நம் வீட்டுக் குளியலறையைப் பாருங்கள். அங்கேயும் ஈரம், வெறுங்கால், தண்ணீர்க் குழாய். மார்கழிக் குளிருக்கு வாளியில் ஹீட்டர் ராடு. குளியலறையில் பாயின்ட் இல்லாததால் கூடத்திலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, ஈரத் தரையில் வைத்திருப்பார்கள். வருவதோ முழு 230 வோல்ட். பயிற்சி பெற்ற தொழிலாளிக்குச் சட்டம் தர மறுத்த மின்னழுத்தத்தை நாம் குளிக்கும் இடத்துக்கு நாமே கொண்டுபோகிறோம். தண்ணீர் சுட்டுவிட்டதா என்று விரல் விட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் உருவிய பிறகுதான் வாளி அருகில் யாரும் போகலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் குளியலறை வாசலைத் தாண்டவே கூடாது.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையைக் கடந்ததே, அதன் பிறகு பண்ருட்டிப் பக்கம் உறவினர் வீட்டில் நான் இருந்த நாள் இன்னும் மறக்கவில்லை. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்களும் சாய்ந்திருந்தன. பக்கத்து வீட்டில் ஜெனரேட்டர் வந்தது. தெருவே அங்கே கூடி, ஆளாளுக்கு வயர் இழுத்துக்கொண்டது. எங்கள் வயர் நீளம் போதாததால் நடுவில் இன்னொரு வயரை முறுக்கிச் சேர்த்து, அதன் மேல் பாலிதீன் பை சுற்றி, துணி காயும் கொடிக்கம்பி மேலேயே போட்டிருந்தார்கள். சாயங்காலம் தூறல். சித்தி கொடியில் ஈரத்துணி போடப் போனார். கம்பியைத் தொட்டதும் 'ஆ' என்று கத்திக்கொண்டு பின்னால் விழுந்தார். கை தானாக உதறிக்கொண்டதால் தப்பினார். அவரை எழுப்ப ஓடியவர்களில் இரண்டு பேர் அந்தக் கம்பியைப் பிடிக்கவும் போய்விட்டார்கள். "தொடாதே, முதல்ல ஜெனரேட்டரை நிறுத்து!" என்று ஒரு பாட்டி போட்ட கூச்சல்தான் அவர்களைக் காப்பாற்றியது.

பாட்டி சொன்னதுதான் சரியான முதலுதவி. யாருக்காவது ஷாக் அடித்து அவர் வயரோடு ஒட்டிக்கொண்டிருந்தால், அவரைத் தொடாதீர்கள். தொட்டால் நீங்களும் அதே வழியில் சேர்ந்துவிடுவீர்கள். முதலில் மெயினை அணைக்க வேண்டும். அது எட்டவில்லையென்றால் பெரியவர்கள் உலர்ந்த மரக்கட்டையால் வயரைத் தள்ளிவிடலாம். உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். எழுந்து நடமாடினாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும், இதயத்தின் தடுமாற்றம் வெளியே தெரியாது. பிளக் பாயின்ட்டில் தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மெயினை அணைத்துவிட்டு உலர்ந்த மணலைப் போட வேண்டும். அதனால் உங்கள் வீட்டு மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தெரியாதவர்கள் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

புது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கப் போகும்போது அப்பாவோடு நீங்களும் போங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதா, பிளக்கில் மூன்று பின்னும் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று பின் பாக்ஸுக்கு இரண்டு பின் வயர் போட்டு விற்பதும் உண்டு. பார்ப்பதற்கு எர்த் துளை இருக்கும், உள்ளே எதோடும் இணைந்திருக்காது. ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் சொருகவே கூடாது. இரண்டின் சுமையும் முதல் வயர் தலையில்தான் விழும். கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்து இழுக்க வேண்டும். கொலுவுக்கும் பிறந்தநாளுக்கும் இழுத்த வயர் அன்றைக்கே அதன் இடத்துக்குப் போய்விட வேண்டும். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்தால், அங்கே நிலையான பாயின்ட் வேண்டும் என்று அர்த்தம்.

சுரங்கத்தில் இப்போதும் ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் வந்து கேபிளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் வீட்டில் அந்த வேலைக்கு ஆள் இல்லை. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் கழற்ற வேண்டாம், திறக்க வேண்டாம், வெறும் கண்ணால் பார்த்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து, பெரியவர் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எந்த பாக்ஸில் என்னென்ன சொருகியிருக்கிறது, மொத்தம் எத்தனை வாட், 230-ஆல் வகுத்தால் எத்தனை ஆம்பியர், வயர் எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே டேப் சுற்றியிருக்கிறது, எங்கே எலி கடித்திருக்கிறது என்று எழுதுங்கள். ஆறைத் தாண்டிய இடத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, அன்று மாலையே அப்பா அம்மாவிடம் காட்டுங்கள்.